அமாவாசையன்று கடலில் ஒரு பாறை மீன்

2026 பிப்ரவரி 17, செவ்வாய். அந்தமான் தீவு விடுதியில் காலை 3.40க்கு எழுந்தேன். பச்சைத் தண்ணீரில் குளியல், இரத்த அழுத்த மாத்திரை ஒன்று, அரை டம்ளர் தண்ணீர். வழக்கம்போல டைரியைத் திறந்து தேதியைப் பார்த்தபோது அதன் கீழே சிறிய எழுத்தில் அச்சாகியிருந்தது: அமாவாசை.

கட்டிலில் உட்கார்ந்துவிட்டேன். அக்டோபரில் விமான டிக்கெட் எடுத்தபோது இந்த ஆண்டு டைரி வந்திருக்கவில்லை. வந்ததும் முன்பக்க அட்டவணையில் பயணத்தின் ஐந்து நாட்களையும் சேர்த்து 'அந்தமான்' என்று பென்சிலால் கோடு இழுத்தேன். கோடு அமாவாசையின் மேலேயே போயிருக்கிறது. இழுத்த கை என்னுடையது.

அப்பா போன பிறகு, அமாவாசையன்று எள்ளும் தண்ணீரும் இறைத்து, காக்கைக்குச் சோறு வைத்து, அது கொத்தினால்தான் நான் சாப்பிடுவேன். பன்னிரண்டு வருடமாக இதில் தவறியதில்லை. அன்றைக்கு ஏற்பாடாகியிருந்தது தூண்டில் போடப் போகும் படகு. அமாவாசையில் மீன் பிடிக்கலாமா என்று யோசித்தேன். அந்தப் படகில் பெரிய மீனைப் போட்டோ எடுத்துவிட்டுத் திரும்பக் கடலிலேயே விட்டுவிடுவார்கள். அதனால் பாதகமில்லை என்று எனக்கு நானே தீர்ப்புச் சொல்லிக்கொண்டேன். மிச்சமிருந்தது காக்கைக்காகக் காத்திருக்க வேண்டிய வயிறு மட்டும்தான்.

ஊரில் நான் கரிவலம்வந்தநல்லூர் குளத்தில் ஞாயிறுதோறும் தூண்டில் போடுகிறவன். கிளம்பும்போது குளத்துக் கூட்டாளி சொன்னார்: "வே, போட்டோ அனுப்பும். மீனு நீரு பிடிச்சதா இருக்கணும். சந்தையில வாங்கித் தூக்கிட்டு நிக்கக் கூடாது, ஆமா." எல்லோரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. எனக்கு வேண்டியிருந்தது அந்த ஒரு மீன்தான்.

திங்கட்கிழமை கரையோரத்தில் காற்று கெடுத்துவிட்டது. உள்ளங்கை நீளத்தில் இரண்டு, அவ்வளவுதான். ஆழ்கடலுக்கு என்று இருந்தது இந்தச் செவ்வாய் ஒன்றே. புதன் மதியம் விமானம்.

அந்தமானிலேயே கடை வைத்திருக்கும் என் மச்சினன் ஐந்து மணிக்குப் புளியோதரைப் பொட்டலத்தோடு வந்தான். எள் இல்லை, வெறும் கடல்நீரை இறைத்துவிட்டுப் படகில் ஏறினேன். வெளிச்சம் வந்ததும் பொட்டலத்தைப் பிரித்தான்.

"சாப்பிடுங்க அத்தான்."

"காக்காய்க்கு வைக்காம எப்படி மாப்ளே?"

"நடுக்கடல்ல காக்காய்க்கு எங்க போறது? அந்தா, ஒண்ணு பறக்குது பாருங்க."

"அது வெள்ளையா இருக்கு."

"அமாவாசைக்குக் குளிச்சிட்டு வந்திருக்கும். வையுங்க அத்தான்."

படகோட்டி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். நான் வைக்கவில்லை.

எட்டு மணியிலிருந்து தூண்டில் வீசினேன். கையளவு மரப் பொய்மீனை நீர்மட்டத்தில் சளப் சளப்பென்று இழுத்து வர வேண்டும். நூற்றுப் பதினேழு வீச்சு, ஒன்றும் இல்லை. 10.52க்கு நூற்றுப் பதினெட்டாவது வீச்சில் தண்ணீர் வெடித்தது. ரீல் அலறிக்கொண்டு தூண்டில் நரம்பை விட்டது. "பாறை மீனுண்ணே! கம்பை இடுப்புல ஊனிப் பிடிங்க!" என்று படகோட்டி கத்தினார்.

எட்டு நிமிடம் பிடித்தேன். பாதி நரம்பை மீட்டும்விட்டேன். ஒன்பதாவது நிமிடம் கண்ணில் கறுப்புப் புள்ளிகள். வெறும் வயிற்றிலிருந்து பித்த நீர் படகின் விளிம்பில் விழுந்தது. கம்பு கையை விட்டு நழுவப் போன நொடியில் மச்சினன் பாய்ந்து பற்றினான்.

"விடு மாப்ளே!"

"நீங்களும் சேந்து கடலுக்குள்ள போறீய, சும்மா இருங்க!"

அடுத்த நாலு நிமிடத்தில் மீன் படகில் கிடந்தது. இருபத்தொரு கிலோ. கருத்த முதுகு, தகடு போன்ற வால். இது நான் பிடித்த மீன்தானே என்று படகோட்டியிடம் கேட்டேன். அவர் என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்: "இன்னொருத்தர் கை கம்புல பட்டுட்டா அது உங்க மீன் இல்லண்ணே. எங்க ஆட்டத்துல அப்படித்தான்."

மச்சினன் தூக்கி நிற்க ஒரு போட்டோ. "நீங்களும் தூக்குங்க, யாருக்குத் தெரியப்போகுது" என்று அவன் சொல்ல, நான் தூக்கி நிற்க இன்னொன்று. பிறகு மீனை விட்டார்கள். வாலை ஒரு தடவை அடித்துவிட்டுப் போனது.

அதன் பிறகு என்னால் வீச முடியவில்லை. படுத்தே கிடந்தேன்.

3.20க்குப் படகுத்துறையில் இறங்கினோம். மடித்து வைத்திருந்த பொட்டலத்தைத் திரும்ப முழுதாகப் பிரிக்கக்கூட இல்லை. தகரக் கூரையிலிருந்து ஒரு காக்கை இறங்கி முதல் பருக்கையைக் கொத்தியது. அதைப் பார்க்கப் பார்க்க எனக்கு ஆத்திரம் வந்தது. நின்றபடியே மொத்தத்தையும் தின்றேன். புளிப்பு ஏறியிருந்தது.

இரவு குளத்துக் கூட்டாளியின் செய்தி: "போட்டோ எங்க வே?" இரண்டு படங்களையும் மாற்றி மாற்றிப் பார்த்தபடியே தூங்கிப்போனேன்.

மறுநாள் காலை எழுந்ததும், பல் துலக்கும் முன்பே, நான் தூக்கி நின்ற படத்தை அழித்தேன். மற்றதை அனுப்பி, கீழே எழுதினேன்: "மச்சினன் பிடித்தது. முதல் எட்டு நிமிடம் நான்."