இலவசச் சாக்லேட்டுக்கு நான் வைத்த விலை

இன்று என் மாமியாரை முதன்முறையாக விமானத்தில் அழைத்து வந்தேன்.

பணிப்பெண் தட்டு நிறையச் சாக்லேட் நீட்டினார். அத்தை எடுக்கப் போனார். நான் முந்திக்கொண்டு, "நோ, தேங்க்ஸ்" என்றேன்.

"ஏன் மாப்ள?"

"இங்கெல்லாம் வெல ஜாஸ்தி அத்தை."

அத்தை கையை மடியில் வைத்துக்கொண்டார்.

பின்வரிசையில் எல்லாரும் சும்மா அள்ளிக்கொண்டபோதுதான் அது இலவசமென்று புரிந்தது.

விமான நிலையத்திலிருந்து காரில் சிதம்பரம் வீட்டு வாசலில் வந்து இறங்கியதும் எதிர்வீட்டு அக்காவிடம் அத்தை பெருமையாகச் சொன்னார்: "பிளேன்ல மிட்டாய் விக்க வந்தாங்க. அநியாய வெலயாம். மாப்ள வேணாம்னுட்டாரு. காசோட அரும தெரிஞ்சவரு."

அடிக்கடி துபாய் போய்வரும் அந்த அக்கா என்னை ஒரு பார்வை பார்த்தார். நான் குனிந்து பெட்டியைத் தூக்கினேன்.

அத்தையிடம் உண்மையைச் சொல்ல இன்னும் தைரியம் வரவில்லை. அந்த மாதிரி சாக்லேட் சிதம்பரத்தில் எந்தக் கடையில் கிடைக்கும்? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.