சொல்லச் சொன்னார்கள் என்று சொன்னவர்

இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவினர்களுக்கும், நைனாவின் நண்பர்களுக்கும், எங்கள் தெருவுக்கும் மூத்த மகளாகிய என் வணக்கம். நைனா எங்களை விட்டுப் போய் ஒரு வருஷம் ஆகிறது. அவரைப் பற்றி எழுதும் பொறுப்பு என்னிடம் வந்ததில் சித்தப்பாவுக்குச் சம்மதம் இல்லை. "அவ எழுதினா சண்டையெல்லாம் எழுதிடுவா. சாந்தமானவரு, யாரையும் பகைச்சிக்காதவருன்னு நல்லதா நாலு வார்த்தை போட்டு முடிங்கடா" என்று தம்பியிடம் சொல்லி அனுப்பினார். சித்தப்பா மன்னிக்க வேண்டும். நைனா சாந்தமானவர்தான். ஆனால் பகைத்துக்கொண்டார், நன்றாகவே பகைத்துக்கொண்டார். அதை எடுத்துவிட்டு எழுதினால் இந்த மலரில் அவருடைய போட்டோ மட்டும்தான் மிஞ்சும்.

நைனா பிறந்தது திருவாலங்காட்டை ஒட்டிய ஒரு சிற்றூரில், கூலிக்குக் கரும்பு வெட்டும் குடும்பத்தில். ஐந்தாம் வகுப்போடு படிப்பு நின்றது. மீசை முளைக்கும் வயதில் அரக்கோணத்தில் ஒரு மைக்செட் கடையில் சேர்ந்து, கல்யாண வீட்டுக்கும் கோயில் விசேஷத்துக்கும் கூம்பு ஒலிபெருக்கி கட்டப் பழகினார். அங்கேதான் அவருக்கு ஒரு குரல் இருப்பது அவருக்கே தெரிந்ததாம். "ஹலோ, மைக் டெஸ்டிங்" என்று சொன்னதற்கே கல்யாண வீட்டில் நாலு பேர் திரும்பிப் பார்த்தார்களாம். இதை எத்தனை தடவை எங்களுக்குச் சொல்லியிருப்பார் என்று கணக்கே இல்லை.

அம்மா ஆந்திராவில் நகரிப் பக்கத்துப் பெண். கல்யாணத்துக்குப் பிறகு இருவரும் திருத்தணிக்கு வந்து, மலையடிவாரத்துக்குத் தள்ளியிருக்கும் எங்கள் தெருவில் குடியேறினார்கள். அம்மா தெலுங்கில் திட்டுவார், நைனா தமிழில் சமாதானம் சொல்வார். நாங்கள் அப்பா என்று கூப்பிடாமல் நைனா என்றே கூப்பிட்டு வளர்ந்தது அம்மா வழியில் வந்த பழக்கம். எங்கள் தெருவிலும் பாதி வீடுகள் இப்படித்தான். ஒரு வாக்கியத்தைத் தமிழில் தொடங்கித் தெலுங்கில் முடிப்பார்கள், கேட்பவருக்கும் அது வித்தியாசமாகத் தெரியாது.

ஆகவே நைனா இரண்டு மொழியிலும் அறிவிப்புச் செய்தார். வாடகை ஆட்டோவின் தலையில் இரண்டு கூம்பைக் கட்டிக்கொண்டு, மடியில் ஆம்ப்ளிபையரை வைத்துக்கொண்டு புறப்படுவார். போலியோ சொட்டு மருந்து, ரேஷன் கடையில் மண்ணெண்ணெய், தெருக்கூத்து, காலமானவர்கள் எல்லாமே நைனாவின் வாயால்தான் ஊருக்குத் தெரியும். ஆடிக் கிருத்திகைக் கூட்டத்தில் பிள்ளையைத் தொலைத்த தாய்மார்கள் அவர் முன்னால் நின்று அழுவார்கள். அவர் கூப்பிட்டால் பிள்ளை கிடைத்துவிடும் என்று ஒரு நம்பிக்கை இருந்தது. எல்லாக் கட்சிக் கூட்டத்துக்கும் அவர்தான் அறிவிப்பாளர். காலையில் ஒரு கட்சி, மாலையில் அதன் எதிர்க்கட்சி. "நீ எந்தக் கட்சிண்ணே?" என்று கேட்பவர்களுக்கு, "நான் மைக்கு கட்சி" என்பார்.

இனிமேல்தான் சித்தப்பா பயப்படும் பகுதி.

தொண்ணூறுகளின் பிற்பகுதியில் ஒரு கோடை. எங்கள் தெருக் குழாயில் தண்ணீர் வருவது நின்றுபோனது. ஒரு சாயங்காலம் குடிநீர் அலுவலகத்திலிருந்து ஆள் வந்து, "நாளைக் காலை ஆறு மணிக்குக் குடிநீர் விநியோகம் செய்யப்படும்" என்று எழுதிய துண்டுச் சீட்டைக் கொடுத்தார். நைனா அதை அறிவித்தார். மறுநாள் குழாயடியில் குடங்கள் வரிசையாக நின்றன. வெயில் ஏறியதுதான் மிச்சம், ஒரு சொட்டு வரவில்லை. பெண்கள் அலுவலகத்துக்குப் போகவில்லை. நேராக எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். எதிர்வீட்டுத் தனம் அத்தை இட்லிக் கடை வைத்திருப்பவர், கடையையே மூடிவிட்டு வந்து நின்றார்.

"இன்னாண்ணே, வரும் வரும்னு கூவிக்கினு போனியே. எங்க வந்துச்சு?"

"ஆபீஸ்ல சொன்னாங்கமா. நான் இன்னா பண்றது?"

"ஆபீஸ்காரன் மூஞ்சி எனக்குத் தெரியாது. நீ சொன்னேன்னுதான் வேல வெட்டிய வுட்டுட்டு குந்திக்கினு இருந்தோம். உன் வாயாலதானே சொன்ன?"

அந்தக் கடைசி வார்த்தை நைனாவுக்குச் சுருக்கென்று தைத்துவிட்டது. ஒரு வாரம் கழித்து அதே ஆள் அதே மாதிரிச் சீட்டோடு வந்தார். நைனா வாங்கிக்கொண்டு புறப்பட்டார். வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். "நாளைக் காலை ஆறு மணிக்குக் குடிநீர் விநியோகம் செய்யப்படும்..." என்று கணீரென்று வந்தது. கொஞ்சம் இடைவெளி. பிறகு, "என்று சொல்லச் சொன்னார்கள்." தெலுங்கில் இன்னும் வசதி, அங்கே இரண்டு வார்த்தை தேவையில்லை. "செப்பமன்னாரு" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார்.

தெருவே சிரித்தது. தனம் அத்தை அடுப்படியிலிருந்து கரண்டியோடு ஓடிவந்து பார்த்தார். அன்றிலிருந்து எங்கள் தெருவுக்கு ஒரு கணக்கு தெரிந்துவிட்டது. நைனா தாமே போய்ப் பார்த்துவிட்டு வந்ததென்றால் வெறுமனே சொல்வார். மற்றதெல்லாம் செப்பமன்னாரு. எனக்குக்கூடப் பள்ளிக்கூடக் காலத்துத் தோழிகள் அந்தப் பெயரைத்தான் வைத்தார்கள், செப்பமன்னாரு பொண்ணு என்று. எனக்கு அதில் ஒரு வெட்கமும் இல்லை.

வார்டு மெம்பருக்கு அது பிடிக்கவில்லை. ஆள் அனுப்பி, "அந்தக் கடைசி ரெண்டு வார்த்தை வாணாம், எடுத்துடு" என்றார். "பொய்யா சார் அது? நீங்க சொல்லச் சொன்னீங்கதானே?" என்று கேட்டு அனுப்பினார் நைனா. அதற்குப் பதில் வரவில்லை.

தண்ணீரும் வரவில்லை. எங்கள் தெருவுக்கும் சுற்றியுள்ள ஆறு தெருவுக்குமான வால்வை மூடி, மலைக்குப் போகும் வழியிலுள்ள லாட்ஜுகளுக்குத் திருப்பிவிட்டிருந்தார்கள். இது யாரோ சொன்னதில்லை, நைனாவே போய்ப் பார்த்துவிட்டு வந்தார். கிருத்திகைக்கு ஜனம் வரும், லாட்ஜுக்கு வேண்டும், தெருவில் இருப்பவர்கள் எப்படியோ சமாளித்துக்கொள்வார்கள் என்று நினைத்திருப்பார்கள். தனம் அத்தை தலைமையில் பெண்கள் கூடி, மறுநாள் காலை பத்து மணிக்குத் திருப்பதி பஸ் போகும் சாலையில் காலிக் குடங்களோடு உட்காருவது என்று முடிவெடுத்தார்கள். நைனா அதையும் தெருத்தெருவாக அறிவித்தார்.

அன்று மாலையே மெம்பரின் மச்சான் எங்கள் வீட்டுக்கு வந்தார். பேச்சுவார்த்தை முடிந்தது, மறியல் கைவிடப்பட்டது என்று எழுதிய தாளை நீட்டினார். அப்படி ஒரு பேச்சுவார்த்தை நடக்கவே இல்லை. "இத அப்படியே படிக்கணும். ரெண்டு வார்த்தை சேத்தே, நாளைக்கு உன் செட்டு ஸ்டேஷன்ல இருக்கும். நானே கூட வர்றேன்" என்று ஆட்டோவில் ஏறி உட்கார்ந்துகொண்டார். அம்மா உள்ளிருந்து நைனாவைக் கும்பிட்டார். அப்போது தம்பி படித்துக்கொண்டிருந்தான், எனக்குக் கல்யாணம் பேசிக்கொண்டிருந்தார்கள். வீட்டுக்கு வந்துகொண்டிருந்தது அந்த மைக்கால் வந்த சோறு மட்டும்தான்.

நைனா படித்தார். தமிழில், எழுதியிருந்தபடியே, ஒரு எழுத்துக் கூட்டாமல் குறைக்காமல் படித்தார். பிறகு வழக்கம்போலத் தெலுங்குக்கு மாறினார்.

"ரேப்பு ரோட்டு மீத கூர்ச்சோவடம் லேதனி செப்பமன்னாரு. மீரு ராண்டி."

நாளைக்கு ரோட்டில் உட்காரப் போவதில்லை என்று சொல்லச் சொன்னார்கள், நீங்கள் வாருங்கள் என்று அதற்கு அர்த்தம். மெம்பரின் மச்சான் செங்கல்பட்டுப் பக்கத்துக்காரர். தெலுங்கில் அவருக்கு ஒரு எழுத்தும் தெரியாது. "ஆங், நல்லா சத்தமா சொல்லு" என்று தட்டிக்கொடுத்தாராம்! ஏழு தெருவுக்கும் அவரைக் கூட வைத்துக்கொண்டே நைனா சொல்லிவிட்டு வந்தார்.

மறுநாள் எங்கள் தெரு மட்டுமல்ல, ஏழு தெருவும் வந்தது. திருப்பதி பஸ்கள் வரிசையாக நின்றன. போலீஸ் வந்தது, மெம்பர் வந்தார். எல்லோரும் நைனாவின் சாமர்த்தியத்தைச் சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். நைனா சிரிக்கவில்லை. ஆட்டோவைக் கொண்டுவந்து கூட்டத்துக்கு நடுவில் நிறுத்தி, மைக்கை எடுத்தார்.

"நேற்று மாலை நான் தமிழில் சொன்னது பொய். பேச்சுவார்த்தை எதுவும் நடக்கவில்லை. தெலுங்கு தெரியாத வீடுகளும் நம் தெருக்களில் இருக்கின்றன. அவர்களிடம் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன்."

"யோவ், மைக்க ஆஃப் பண்ணுய்யா!" என்று மெம்பர் கத்தினார்.

"இத யாரும் சொல்லச் சொல்லல சார். நானா சொல்றேன்" என்றார் நைனா. மைக் திறந்தே இருந்ததால் அவர்கள் இருவரும் பேசியது ஊருக்கே கேட்டது.

தண்ணீர் வந்த பிறகுதான் எழுந்திருப்போம் என்று தனம் அத்தை உட்கார்ந்துவிட்டார். மதியத்துக்கு மேல் வால்வுச் சாவியோடு ஆள் வந்தார். அன்று குழாயில் வந்த தண்ணீர் இன்றுவரை நிற்கவில்லை. அதற்கு அடுத்த வாரம், அனுமதி இல்லாமல் ஒலிபெருக்கி வைத்ததாகச் சொல்லி நைனாவின் செட்டை எடுத்துக்கொண்டு போனார்கள். கூம்புகள் நசுங்கித் திரும்பி வந்தன. ஆம்ப்ளிபையர் வரவே இல்லை. மன்னிப்புக் கடிதம் எழுதிக் கொடுத்தால் கிடைக்கும் என்று தகவல் மட்டும் வந்தது. "மன்னிப்பு கேக்க வேண்டியவங்க கிட்ட கேட்டுட்டேன்" என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

அதன்பின் எந்தக் கட்சியும் அவரைக் கூப்பிடவில்லை. இரண்டு வருஷத்துக்கு மேல் அரக்கோணத்தில் பார்சல் மூட்டை தூக்கினார். தோள் காய்த்துப்போனது. எனக்குப் பேசிய சம்பந்தமும் தட்டிப்போனது. இதைச் சொல்லி அம்மா நைனாவோடு சண்டை போட்டதும் உண்மை, அதை மறைக்க மாட்டேன். அந்த மாப்பிள்ளை போனதில் எனக்கு நஷ்டம் இல்லை. வேறு நல்லவர் வந்தார். அவரும் இந்த மலரை அச்சடிக்க அலைந்துகொண்டிருக்கிறார்.

பிறகு தெருப் பெண்கள் சேர்ந்து ஒரு பழைய செட் வாங்கி வந்து எங்கள் வாசலில் வைத்தார்கள். நைனா அதைத் துடைத்துவிட்டு, அன்றைக்கே கிளம்பினார். வேறு ஆளின் குரலில் சொன்னால் ஊர் நம்பவில்லை என்பதால், அடுத்த உள்ளாட்சித் தேர்தலில் கட்சிகள் ஒவ்வொன்றாக வந்தன, மெம்பரின் கட்சியும் வந்தது. எல்லோருக்கும் சொன்னார். எல்லோருக்கும் கடைசியில் அந்த இரண்டு வார்த்தையையும் சேர்த்தே சொன்னார். எடுத்துடு என்று ஒருவரும் சொல்லவில்லை.

கடைசி எட்டு மாதம் பக்கவாதம். வாய் ஒரு பக்கம் இழுத்துக்கொண்டது. பேசினால் அம்மாவுக்கு மட்டும் புரியும். அப்படியும் விடிந்ததும், குழாயில் தண்ணீர் வந்ததா என்று கையால் கேட்பார். சென்ற ஆண்டு ஒரு காலையில், காபி ஆறுவதற்குள் போய்விட்டார்.

நாங்கள் அழுது முடிப்பதற்குள் தெருவில் மெம்பரின் கட்சி ஆட்டோ ஒன்று, யாரோ ஒரு பையனின் குரலில், "நமது கட்சியின் குரல் ஓய்ந்தது" என்று கூவிக்கொண்டு வந்தது. எனக்கு வந்ததே கோபம்! தலையைக்கூட அள்ளி முடியாமல் ஓடிப்போய் ஆட்டோவை மறித்தேன். "பொம்பள, அதுவும் சாவு வீட்டுப் பொம்பள, மைக்க தொடாதே" என்று பின்னாலேயே சித்தப்பா வந்தார். தொட்டேன். "இவர் எந்தக் கட்சியும் இல்லை. எங்க நைனா. நாலு மணிக்கு எடுக்கிறோம். வர்றவங்க வாங்க" என்றேன். தெலுங்கில் சொல்வதற்குள் அழுதுவிட்டேன். மிச்சத்தைத் தனம் அத்தை வாங்கிச் சொன்னார்.

நன்றி சொல்ல வேண்டியவர்கள் நிறையப் பேர். எட்டு மாதமும் நைனாவைப் புரட்டிப் படுக்கவைக்க வந்த பக்கத்து வீட்டு அண்ணன்களுக்கு, அரக்கோணம் பார்சல் ஆபீஸ் தோழர்களுக்கு, திட்டிக்கொண்டே எல்லாச் சடங்கையும் குறைவில்லாமல் செய்துகொடுத்த சித்தப்பாவுக்கு நன்றி. இறந்தவர்மேல் போர்த்தும் கோடித்துணியைச் சொந்தக்காரர்கள்தான் போட வேண்டும் என்று அன்று ஒரு பேச்சு வந்தது. நாங்கள் ஒத்துக்கொள்ளவில்லை. தனம் அத்தையும் ஏழு தெருப் பெண்களும் கொண்டுவந்த கோடிகளில் நைனாவின் முகம் மட்டும்தான் வெளியே தெரிந்தது. அவர்களுக்கு எப்படி நன்றி சொல்வதென்று எனக்குத் தெரியவில்லை.

மெம்பரின் கட்சிக்காரர்களும் மாலையோடு வந்தார்கள், அவர்களுக்கும் நன்றி. கூடவே ஒரு கொடியைக் கொண்டுவந்து போர்த்தப் போனார்கள். "கொடி வாணாம். கோடி இருந்தா போடுங்க" என்றேன். ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள், கொடியை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு போனார்கள். துணிக்கடைக்குத்தான் போயிருப்பார்கள் என்று நினைத்தோம். ஒரு வருஷம் ஆகிறது, இன்னும் வரவில்லை.