கூடையைக் கழித்த கணக்கு

எனக்கு வாய் நீளம் என்று என் கணவர் எங்கள் சொந்தக்காரர்களிடமெல்லாம் சொல்லி வைத்திருந்தார். பொய்யில்லை. ஆனால் அந்த வாயால் ஒருமுறை பெரிய நன்மை நடந்தது.

அறுபதுகளின் கடைசியில் நாங்கள் பதுளை டவுனுக்குக் குடிவந்துவிட்டோம். அதற்கு முன் அவர் நமுனுகுலப் பக்கம் ஒரு தோட்டத்தில் கணக்கப்பிள்ளை. நான் பூனாகலை லயத்தில் பிறந்து, கல்யாணம் ஆகும்வரை தேயிலைக் கொழுந்து பறித்தவள். தோட்ட வேலையை விட்டதும் அவர் ஒரு பழைய பிக்கப் வாங்கி, பசறைக்கும் பண்டாரவளைக்கும் மரக்கறி ஏற்றி ஓட்டினார்.

ஒரு வருஷம் பிள்ளைகளோடு மடு மாதா கோவில் திருவிழாவுக்குப் போனோம். எல்லோரையும் போல மரத்தடியில் பாய் விரித்துப் படுத்தோம். விடியும் நேரத்தில் சின்ன மகளைத் தேள் கொட்டிவிட்டது. நீலம் பாரித்துப்போன பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு, இவளைத் திருப்பிக் கொடுத்தால் அடுத்த வருஷமும் கூட்டி வந்து காட்டுகிறேன் என்று மாதாவிடம் நேர்ந்துகொண்டேன். பிழைத்துவிட்டாள். நேர்த்தியைச் செய்யாமல் விட முடியாது. ஆனால் பிள்ளைகளைத் திரும்பவும் தரையில் படுக்கப்போட எங்கள் இருவருக்குமே மனம் வரவில்லை.

அப்போதுதான் அவர் வேலை பார்த்த தோட்டத்து வெள்ளைக்காரத் துரை சீமைக்குத் திரும்புவதாகவும், தன்னுடைய வீட்டு வண்டியை விற்பதாகவும் செய்தி வந்தது. வண்டிக்குப் பின்னால் மாட்டி இழுத்துப் போகிற வீடு. போய்ப் பார்த்தோம். மெத்தை போட்ட கட்டில்கள், கண்ணாடி அலுமாரி, கை கழுவத் தொட்டி, கொசு வராமல் ஜன்னலுக்கு வலை. நான் பிறந்த லயத்து ஒற்றை அறைக் காம்பராவைவிட அது பெரிசு. ஆசை வெட்கம் அறியுமா? துரை அந்தப் பக்கம் போனதும் நான் கட்டிலில் ஏறிப் படுத்தே பார்த்துவிட்டேன். பிள்ளைகளை இதற்குள்ளேயே படுக்கவைத்து, மடுவரை தூங்கவிட்டே கூட்டிப் போகலாம் என்றார் அவர். அவர் முகத்தில் அவ்வளவு சந்தோஷத்தை நான் அதிகம் பார்த்ததில்லை.

வீட்டுக்கு வந்து கணக்குப் போட்டார். பிக்கப் எத்தனை றாத்தல் இழுக்கும் என்பது அதனோடு வந்த புத்தகத்தில் இருந்தது. பிள்ளைகள் இவ்வளவு, அரிசி இவ்வளவு, சட்டி பானை, துணிமணி இவ்வளவு என்று வாய்விட்டே கூட்டினார். கூட்டி முடித்து, பிக்கப் இழுக்கிறதில் பாதிகூட வரவில்லை, இன்னும் ஒரு குடும்பத்தையே ஏற்றலாம் என்று சிரித்தார்.

நான் அடுப்படியில் இருந்து கேட்டுக்கொண்டிருந்தேன். எதுவோ இடித்தது. அந்த வீட்டு வண்டியின் கனத்தை எங்கே சேர்த்தீர்கள் என்று கேட்டேன்.

"அது கூடை மாதிரிதானே? கூடையக் கழிச்சிட்டுத்தானே நிறுக்கணும்" என்றார்.

விளையாட்டாகச் சொல்லவில்லை. இத்தனை வருஷமாகக் கொழுந்து நிறுக்கிற மடுவத்தில் தராசுக்குப் பக்கத்தில் நின்றவர். பெண்கள் கொண்டுவந்து வைக்கிற எடையில் கூடைக்கு இவ்வளவு என்று கழித்துவிட்டு, மிச்சக் கொழுந்தை மட்டும் சொல்லிச் சொல்லி அவருக்குக் கை பழகிவிட்டது. கூடை என்பது கணக்கில் வராத பொருள். வேறு எந்தத் தொழில்காரன் போட்டாலும் இந்தத் தப்பு வந்திருக்காது.

எனக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. அகப்பையோடு வெளியே வந்தேன்.

"நீங்க தராசுல கழிச்சீங்க. நாங்க கூடையையும் சேர்த்துத்தானே சுமந்தோம். எங்க முதுகு கழிச்சுச்சா?"

அவர் அப்போது ஒப்புக்கொள்ளவில்லை. தான் பிடித்த முயலுக்கு மூன்று கால் என்கிற மனிதர்தான். மறுநாள் பிள்ளைகள் வீட்டு வண்டியில் ஏறிப் பார்க்க வேண்டும் என்று கிளம்பி நின்றார்கள். ஒருவரும் வர வேண்டாம் என்று சொல்லிவிட்டு, அதை மாட்டி ஓட்டிப் பார்க்கத் தனியாகப் போனார். அந்த ஒரு காரியத்துக்காக அவர் செய்த மற்ற எல்லாப் பிடிவாதத்தையும் மன்னித்தேன்.

பின்னேரம் திரும்பி வந்தார். பிக்கப்பின் இடப்பக்கம் நசுங்கிக் கிடந்தது. வாங்குப் பலகையில் உட்கார்ந்து தண்ணீர் கேட்டார். வேறு ஆம்பளையாக இருந்தால் மாடு குறுக்கே வந்தது என்று ஏதாவது கதை கட்டியிருப்பான். இவர் நடந்ததை நடந்தபடி சொன்னார். வெறும் வீட்டு வண்டியைத்தான் மாட்டினாராம். ஏற்றத்தில் முக்கி முனகி இழுத்துவிட்டதாம். இறக்கத்தில் பிரேக்கை மிதித்தால் பிக்கப் நிற்கப் பார்க்கிறது, பின்னால் இருக்கிற வீடு நிற்க மாட்டேன் என்று அதைத் தள்ளுகிறது. ஒரு பக்கம் மலை, இன்னொரு பக்கம் பள்ளம். மலைப்பக்கமாக ஒடித்து, மண்திட்டில் மோதித்தான் நிறுத்தியிருக்கிறார். உள்ளே போய்ப் பார்த்தபோது கண்ணாடி அலுமாரி பெயர்ந்து பிள்ளைகளுக்கென்று பேசிவைத்த கட்டில்மேல் விழுந்து கிடந்ததாம். அதைச் சொல்லும்போது அவர் அழுதுவிட்டார். நானும் அழுதேன்.

துரையிடம் மன்னிப்புக் கேட்டு, அலுமாரியைச் சரிசெய்து கொடுத்துவிட்டு அந்த ஆசையை விட்டோம். பிறகு பண்டாரவளையில் புடவைக் கடை வைத்திருந்த ஒரு முஸ்லிம் நானாவிடம் போனார். தோட்டங்களில் சம்பள நாளில் துணி விற்பதற்காக நானா ஒரு சின்ன இழுவை வண்டி வைத்திருந்தார். இரண்டே சக்கரம், மெல்லிய பலகை, மேலே கித்தான். அழகு என்று சொல்ல ஒன்றுமில்லை. விரலுக்குத் தகுந்த வீக்கம். இந்த முறை கடைத் தராசில் சாமான்களை நிறுத்து, வண்டியின் கனத்தையும் கூட்டி, அதற்குமேல் பிக்கப்புக்கு நிறைய மிச்சம் இருக்கிறதா என்று இரண்டு பேரும் சேர்ந்தே பார்த்தோம். கனத்தைப் பின்னால் போட்டால் வால் ஆடும், அரிசி மூட்டையை முன்பக்கம் வையுங்கள் என்று நானாவே நின்று ஏற்றிக் கொடுத்தார். ஓடும்போது அதற்குள் ஒரு குஞ்சும் ஏறக் கூடாது, போய்ச் சேர்ந்த பிறகு படுத்தால் போதும் என்றும் சொன்னார். வாடகை என்று பேச்செடுத்தபோது வேண்டாம் என்று கையை அசைத்துவிட்டார்.

"மாதாக்கிட்ட எங்க பேரையும் ஒரு வார்த்தை சொல்லுங்க, அது போதும்" என்றார்.

பிள்ளைகளைப் பிக்கப்பின் பின்பக்கத்தில் மெத்தை போட்டு உட்காரவைத்து, மகியங்கனைக்கு இறங்கும் ரோட்டில் போனோம். ஒவ்வொரு இறக்கத்திலும் சின்ன கியரில் விட்டு, நிறுத்தி நிறுத்தி, சக்கரம் சுடுகிறதா என்று தொட்டுப் பார்த்தார். ஒரு முடக்கு வளைவில் கீழிருந்து பஸ் ஒன்று ஹோர்ன்கூட அடிக்காமல் நேரே முன்னால் வந்துவிட்டது. அவர் பிரேக்கை மிதித்தார். நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

பிக்கப் நின்றது. பின்னால் வந்ததும் நின்றது. பஸ் எங்களை உரசுகிற மாதிரி ஏறிப் போய்விட்டது. அவர் ஸ்டியரிங்கைப் பிடித்த கையை எடுக்காமலே கேட்டார்.

"பிள்ளைங்க எல்லாம் இருக்கா?"

திரும்பிப் பார்த்தேன். தேள் கொட்டிய மகள் வாயில் பிஸ்கட்டோடு என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். எல்லோரும் இருக்கிறார்கள் என்றேன். அவர் வண்டியை உடனே எடுக்கவில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டார். பிள்ளைகளுக்கு முன்னால் அவர் என் கையைப் பிடித்தது அதுதான் முதல் தடவை.

மடுவில் அந்த வருஷமும் கூட்டம். அழுதும் முட்டிபோட்டும் எல்லோரும் எதையெதையோ கேட்டுக்கொண்டிருந்தார்கள். நான் நானாவின் பெயரைச் சொல்லி ஒரு வார்த்தை சொன்னேன். மகளை முன்னால் நிறுத்திக் காட்டினேன். எனக்கென்று கேட்க ஒன்றும் இருக்கவில்லை. பெண்டாட்டி சொல்லுக்குக் காது கொடுக்கிற ஒரு மனிதரைத் தந்ததற்கு நன்றி சொல்லிவிட்டு எழுந்து வந்தேன்.