வளையலுக்கு முன்னால் ஒரு கொடுவா

அந்த வருஷம் மழை பிறந்ததிலிருந்து என் தூண்டிலில் ஒரு கொடுவா மீன்கூடக் கடிக்கவில்லை. கெளுத்தி கடித்தது. நண்டு இரையை நறுக்கித் தின்றுவிட்டுப் போனது. ஒரு தடவை யாரோ விட்டெறிந்த ஒற்றைச் செருப்பு வந்தது. கொடுவா மட்டும் எட்டிப் பார்க்கவில்லை. முந்தின வருஷம் மழை ஓய்கிற காலத்தில் இதே டாலா ஓடை வாயில் உட்கார்ந்து, தூக்க முடியாமல் தூக்கிக்கொண்டு வந்தவள் நான். எங்கள் வரிசை வீடுகளில் கொடுவாக்காரி எங்கே என்று கேட்டால் சின்னப் பிள்ளைகூட எங்கள் கதவைக் காட்டும். அந்தப் பெயருக்கு இப்படி ஒரு கேடு வந்ததே என்று எனக்கு வயிறு எரிந்தது.

எரிகிற அந்த வயிற்றில் பிள்ளை வேறு. தலைச்சன். ஆனியில் வளைகாப்பு என்று நாத்தனார் நாள் பார்த்துவிட்டார். வீட்டுக்காரரின் அக்கா அவர். புருஷன் போனபின் எங்களோடுதான் இருந்தார், வீட்டில் அவர் பேச்சுதான் எடுபடும். வளையல் போட்டபின் பிள்ளைத்தாய்ச்சி ஆற்றைத் தாண்டக் கூடாது என்பது எங்கள் ஆட்கள் கப்பலேறி ரங்கூனுக்கு வந்தபோது மறக்காமல் கூடவே கொண்டுவந்த சட்டம். ஊரில் அந்த ஆறு முழங்கால் மட்டும் ஓடியிருக்கும். இங்கேயோ கப்பல் போகிற ஆறு. டாலா அந்தக் கரையில் கிடந்தது. நாங்கள் குடியிருந்தது இந்தக் கரையில், மிங்கலா தாங்ஞுன்ட்டில், ரயில் பாதைக்குப் பின்னால். வளையல் ஏறினால் டாலா முடிந்தது. அப்புறம் பேறு, பால்குடி, தவழ்கிற பிள்ளை என்று காலம் ஓடும். எனக்கு எப்போது தூண்டில்?

போதாததற்கு நாத்தனார் ஒரு கண்டுபிடிப்பு வேறு செய்திருந்தார். "புள்ளத்தாச்சி நெழலு விழுந்த தண்ணியில மீன் நிக்காதுடி. ஒன்னாலதான் என் தம்பிக்கும் கடிக்க மாட்டேங்குது" என்றார். பக்கத்து வீடுகளிலும் ஆமாம் ஆமாம் என்று தலையாட்டினார்கள். எனக்கு முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. வளையலுக்கு முன்னால் ஒரு கொடுவா பிடிக்காவிட்டால் அந்தப் பேச்சு அப்படியே நிலைத்துவிடும். இந்தப் பிள்ளைக்கு மட்டுமா? அடுத்த பிள்ளைக்கும், அதற்கடுத்த பிள்ளைக்கும் என்னை வீட்டோடு கட்டிப்போடுவார்கள். வீட்டுக்காரர்கூட ஒரு நாள் என் முகத்தைப் பார்க்காமல், "ஒரு வேள அப்பிடியும் இருக்குமோ?" என்று கேட்டுவிட்டார். அன்றைக்கு அவருக்கு ரசம் மட்டும்தான் ஊற்றினேன்.

எனக்குத் தூண்டில் வந்த கதையைச் சொல்லிவிடுகிறேன். கல்யாணமான புதிதில் ஞாயிற்றுக்கிழமை தோறும் அவர் என்னை வீட்டில் விட்டுவிட்டு டாலாவுக்கு மீன் பிடிக்கப் போவார். நான் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார இவ்வளவு தூரம் கடல் தாண்டி வரவில்லை என்று சொல்லி, ஒரு வாரம் சம்பான் படகில் முதல் ஆளாக ஏறி உட்கார்ந்துவிட்டேன். அன்று அவருக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. சும்மா பிடித்திரு என்று அவர் என் கையில் கொடுத்த கயிற்றில் கொடுவா மாட்டியது. அவ்வளவுதான், பைத்தியம் பிடித்துவிட்டது. அவருக்கு ஒரு கயிறு, எனக்கு ஒரு கயிறு என்று ஆகிவிட்டது.

அவர் துறைமுகத்தில் சரக்குத் தூக்குகிற வின்ச் ஓட்டுகிறவர். அங்கே ஒரு கரும்பலகையில் ஆற்றில் தண்ணீர் எப்போது ஏறும், எப்போது இறங்கும் என்று எழுதிப்போடுவார்கள். துறைமுகத்துக்காரர்களுக்கு அந்தப் பலகைதான் பஞ்சாங்கம். தண்ணீர் ஏறினால் கப்பல் வரும், வேலை வரும். இறங்கினால் ஆற அமர வெற்றிலை போடலாம். மீனுக்கும் அதே சட்டம்தான் என்று அவர் முடிவு கட்டியிருந்தார். சனிக்கிழமை பலகையைப் பார்த்துவிட்டு வருவார். ஞாயிறு தண்ணீர் ஏறுகிற நேரத்துக்குப் போய் உட்காருவோம், ஏற்றம் முடிந்ததும் கயிற்றைச் சுற்றிக்கொண்டு கிளம்பிவிடுவோம். முந்தின வருஷம் அப்படித்தான் பிடித்தோம். அதனால் எனக்கும் அதில் சந்தேகம் வரவில்லை.

இந்த வருஷம் என்னென்னவோ மாற்றிப் பார்த்தேன். முள்ளை மாற்றினேன். இறாலை விட்டுச் சின்ன மீனைக் கோத்தேன். இடத்தை மாற்றினேன். கோயிலில் தேங்காய் உடைத்தேன். பக்கத்து வீட்டு பர்மாக்கார அக்கா சொன்னாள் என்று இரையை ங்காப்பி என்கிற புளித்த மீன் விழுதில் புரட்டியும் போட்டேன். அந்த நாற்றத்தில் எனக்கு மசக்கை திரும்பி வந்ததுதான் மிச்சம்.

வளைகாப்புக்கு முந்தின ஞாயிறு வந்தது. இதுதான் கடைசி. கிளம்பும்போது நாத்தனார் வாசலில் நின்று, "போயிட்டு வா. இன்னியோட அந்த ஆசையும் தீரட்டும்" என்றார். நான் இரைக் கூடையைத் தூக்கிக்கொண்டு நடந்தேன். வாயைத் திறந்தால் சண்டை வந்து சம்பான் போய்விடும் என்று பயம்.

ஓடை வாயில் தண்ணீர் மேலே மேலே ஏறியது. நாங்கள் உட்கார்ந்திருந்தோம். நாணல் முழுகியது, படகுத்துறைக் கட்டை முழுகியது. கயிறு அசையவே இல்லை. அப்புறம் ஏற்றம் நின்றது. வீட்டுக்காரர் கயிற்றைச் சுற்ற ஆரம்பித்தார்.

"போதும் புள்ள. பலகையில போட்ட நேரம் முடிஞ்சிருச்சு."

"இன்னுங் கொஞ்சம் இருப்போங்க."

"எறங்குற தண்ணியில என்னா இருக்கு? சரக்கும் ஏறாது, மீனும் ஏறாது. எந்திரி."

எனக்குக் கண் கலங்கிவிட்டது. அவர் பார்க்காமல் முந்தானையால் துடைத்துக்கொண்டு எழுந்தேன். ஆனால் சம்பான்காரர் எழவில்லை. அவர் ஒரு பர்மாக்காரர், எங்களோடு பழகிப் பழகித் தமிழ் கொஞ்சம் பேசுவார். மேற்கே கையைக் காட்டினார். வானம் கருகருவென்று இருந்தது.

"மோ வருது அமா. பெரிய மோ. இப்ப போக மாட்டேன். ஒன் புள்ளக்கி நான் பதில் சொல்ல முடியாது."

மோ என்றால் மழை, அமா என்றால் அக்கா. அவர் சொல்லி முடிப்பதற்குள் காற்று வந்துவிட்டது. வயல் வரப்பில் ஒரு காவல் குடிசை இருந்தது; மூன்று பேரும் ஓடி அதற்குள் ஒண்டினோம். அப்பப்பா, அது என்ன மழை! எதிரே இருந்த ஓடையே மறைந்துவிட்டது. வீட்டுக்காரர் என் தலைக்குமேல் தன் துண்டைப் பிடித்தார், சம்பான்காரர் சுருட்டு நனைகிறதே என்று வைதுகொண்டிருந்தார். நான் மனத்துக்குள் நாத்தனாருக்குப் பதில் சொல்லிச் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

வந்த வேகத்திலேயே மழை விட்டது. வெளியே வந்து பார்த்தால் ஓடை வேறு ஓடையாக இருந்தது. தண்ணீர் ஆற்றைப் பார்த்து இழுத்துக்கொண்டு இறங்கியது. எங்களுக்குப் பக்கத்தில் வரப்பில் ஒரு மடை உடைந்து, வயலில் நின்ற மழைத்தண்ணீர் செக்கச் செவேலென்று ஓடைக்குள் கொட்டியது. அதோடு பொடி மீனும் இறாலும் தவளைக்குஞ்சும் சரிந்து விழுந்தன. நான் வாயைப் பிளந்துகொண்டு பார்த்தேன். அப்போது கேட்டது அந்தச் சத்தம்.

டப்!

தண்ணீருக்கடியில் யாரோ கை தட்டின மாதிரி. எனக்கு அந்தச் சத்தம் தெரியும். கொடுவா வாயைத் திறந்து இரையை உறிஞ்சுகிற சத்தம். மறுபடியும் டப்! கொஞ்சம் தள்ளி இன்னொரு டப்! ஒன்றல்ல, கூட்டமாக நிற்கின்றன! இந்த மழைக்காலம் முழுக்க நாங்கள் கயிற்றைச் சுற்றிக்கொண்டு முதுகைக் காட்டினபிறகுதான் இவை சாப்பிட உட்கார்ந்திருக்கின்றன! மேலிருந்து வயல் தண்ணீர் விருந்து அனுப்பும்போது இவை எதற்கு ஏறுகிற தண்ணீரில் அலைய வேண்டும்?

"என்னங்க! இரை! இரையக் குடுங்க!" என்று கத்தினேன். அவசரத்தில் முள்ளில் இறாலைக் கோக்க வரவில்லை. ஒரு வழியாகக் கோத்து, சிவப்புத் தண்ணீரும் ஓடைத் தண்ணீரும் சேருகிற இடத்தில் போட்டேன். கயிறு கொஞ்சம் ஓடியது, நின்றது. அப்புறம் என் தோளே கழன்றுவிடும் போல ஓர் இழுப்பு!

"மாட்டிருச்சு! மாட்டிருச்சு!"

வீட்டுக்காரர் பாய்ந்து வந்தார். "கொண்டா இங்க! வயித்துல புள்ளய வச்சுக்கிட்டு..."

"தொட்டீங்கன்னா கையக் கடிச்சிருவேன்!"

தொடவில்லை. நான் சேற்றில் தொப்பென்று உட்கார்ந்து, மடைக் கட்டையில் இரண்டு காலையும் ஊன்றிக்கொண்டேன். கயிறு விரலை அறுத்தது. விட்டுக் கொடுத்தேன், இழுத்தேன், மறுபடி விட்டுக் கொடுத்தேன். அது தண்ணீரைக் கிழித்துக்கொண்டு மேலே துள்ளியது. யம்மாடி! வெள்ளி வெள்ளியாக உடம்பு, வாயை அகலத் திறந்து தலையை உதறியது. சம்பான்காரர் "ககத்திட்! ககத்திட்!" என்று கொடுவாவின் பர்மியப் பெயரைக் கூவிக்கொண்டு குதித்தார். வயிற்றில் பிள்ளையும் உதைத்தது, விடாமல் உதைத்தது. எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. அவ்வளவு சந்தோஷம் அதற்குமுன் நான் பட்டதில்லை.

கடைசியில் அது சலித்துக் கரையோரம் சாய்ந்தபோது வீட்டுக்காரர் இடுப்பளவு தண்ணீரில் இறங்கி, கீழ்வாயைப் பிடித்துத் தூக்கினார். செவுள் ஓரம் அவர் விரலை வெட்டிவிட்டது. ரத்தம் சொட்டச் சொட்ட நின்று சிரிக்கிறார் மனுஷன்! நிறுத்திப் பிடித்தால் வால் தரையில், தலை என் இடுப்பில். அதற்குப்பின் அவர் கயிற்றிலும் ஒன்று மாட்டியது. என்னுடையதைவிடச் சின்னது. அதை நான் வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தேன்.

வீட்டு வாசலில் கொடுவாவைப் போட்டதும் வரிசையே கூடிவிட்டது. நாத்தனார் உள்ளேயிருந்து வந்து பார்த்தார். நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி ஒரு வார்த்தை கேட்டுவிட வேண்டும் என்று காத்திருந்தேன். அவரோ குனிந்து செவுளைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "நல்ல ரத்தமாத்தான் இருக்கு. போயி ஈரச் சேலைய மாத்து. சளி புடிச்சுக்கும்" என்று சொல்லி அரிவாள்மனையை எடுத்து வந்தார். தலையைக் குழம்பில் போட்டு எனக்குத்தான் வைத்தார்.

அந்த வாரமே வளைகாப்பு நடந்தது. சந்தனம் பூசி, இரண்டு கையிலும் கண்ணாடி வளையலை அடுக்கினார்கள். கயிறு அறுத்த விரல்மேல் வளையல் உரசி எரிந்தது. கடைசி வளையலை ஏற்றிவிட்டு நாத்தனார் என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்: "இனிமே பேறு முடியிற வரைக்கும் ஆத்தத் தாண்டக் கூடாது. என் தம்பி புள்ள. கேப்பியா?" அவர் கண் கலங்கியிருந்தது. அவருக்குப் பிள்ளை இல்லை. "கேக்குறேன் அண்ணி" என்றேன். மனசாரத்தான் சொன்னேன். ஆனால் மறு ஞாயிறு வீட்டுக்காரர் மட்டும் கயிற்றோடு கிளம்பிப் போனபோது, ஏன்தான் அப்படிச் சொன்னேனோ என்று இருந்தது.

அன்று மத்தியானமும் கொட்டு கொட்டென்று மழை கொட்டியது. நான் பின்வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். ரயில் பாதையோரச் சாக்கடை நிரம்பி, பாதைக்கு அப்பால் பள்ளத்து வயல்களின் தண்ணீரையும் சேர்த்துக்கொண்டு, செக்கச் செவேலென்று கிழக்கே ஓடியது. கிழக்கே எங்கே ஓடுகிறது? பசுண்டாங் ஓடைக்கு. பசுண்டாங் ஓடை எந்தக் கரையில் இருக்கிறது?

இந்தக் கரையில்! எங்கள் கரையில்!

கயிற்றுச் சுருளையும் இறால் கூடையையும் எடுத்துக்கொண்டு நான் படி இறங்குவதற்குள் நாத்தனார் மறித்தார்.

"எங்கடி கெளம்பிட்ட?"

"ஆத்தத் தாண்டல அண்ணி. இந்தப் பக்கந்தான். பசுண்டாங் ஓடை."

"அங்க ஏதுடி கொடுவா?"

"இருக்கு. தண்ணி எறங்குற நேரம். வந்து பாருங்க."

அவர் என்னைப் பார்த்தார், என் வயிற்றைப் பார்த்தார், மழையைப் பார்த்தார். போகக் கூடாது என்று சொல்வதற்குச் சட்டத்தில் இடம் இல்லை. கடைசியில் முணுமுணுத்துக்கொண்டே குடையை எடுத்தார். "வழுக்கி விழுந்து தொலைக்காத. என் கையப் புடி" என்றார்.

ஓடைக் கரையில் மழை தூறலாகிவிட்டது. சாக்கடைத் தண்ணீர் விழுகிற இடத்தில் கயிற்றைப் போட்டேன். கையை அசைத்தால் வளையல் கலகலவென்றது. மீன் ஓடிவிடப்போகிறது என்று நாத்தனார் கிசுகிசுத்தார். என் நிழலும் அவர் நிழலும் குடையோடு சேர்ந்து தண்ணீரில்தான் கிடந்தன. டப்! என்றது. கயிறு ஓடியது. என் கை முன்னால் போன வேகத்தில் இரண்டு வளையல் உடைந்து சேற்றில் விழுந்தன. வளைகாப்பு வளையல் உடையலாமா, இதற்கு என்ன சொல்லப்போகிறாரோ என்று பயந்து நான் அவரைத் திரும்பிப் பார்த்தேன்.

நாத்தனார் குடையைத் தூக்கி எறிந்துவிட்டு என் இடுப்பைச் சேர்த்துக் கட்டிப் பிடித்துக்கொண்டிருந்தார்.

"என்னய என்னாடி பாக்குற? தண்ணியப் பாரு! விடாத! விடாதடி!"