எட்டுப் பச்சை முகங்கள்

போன வாரம் கம்பத்தில் ஒரு பிரிண்டிங் கடையில் திருதிருவென்று முழித்துக்கொண்டு நின்றேன். காரணம்... என் கையாலேயே நான் கலர் கொடுத்த எட்டுப் பெண்களின் முகங்கள்.

முதலில் அந்த எட்டுப் பேரைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். காமயகவுண்டன்பட்டியில் எங்கள் தெருவிலிருந்து திராட்சைத் தோட்டத்துக்கு வேலைக்குப் போகிறவர்கள். இரண்டு மாதம் முன்பு என் மனைவி விஜயா வழுக்கி விழுந்து, கால் எலும்பு முறிந்து படுத்துவிட்டாள். எனக்குச் சுடுதண்ணீர் வைக்க மட்டும்தான் தெரியும். யாரும் கூப்பிடவில்லை – அவர்களாகவே முறை வைத்துக்கொண்டு வந்தார்கள். ஒருவர் சோறு வடிப்பார். இன்னொருவர் விஜயாவைக் குளிக்கவைப்பார். வேலைக்குப் போகும் முன்பும், திரும்பி வந்த பின்பும்.

இதற்கு எப்படி நன்றி சொல்வது? ஆளுக்கொரு சேலை எடுத்துத் தருகிறேன் என்றதற்கு, "கொன்னேபுடுவேன்!" என்றார் மூத்தவரான பேச்சியம்மா.

எனக்குப் பென்சில் ஓவியம் கொஞ்சம் வரும். டீ குடிக்கும் நேரத்தில் உட்காரவைத்து எட்டுப் பேரையும் வரைந்தேன். போனில் போட்டோவும் எடுத்துக்கொண்டேன். படங்களை ஸ்கேன் செய்து, டேப்லெட்டில் கலர் கொடுத்து, ஆளுக்கொரு வட்ட பேட்ஜ். அவரவர் முகத்தை அவரவர் சட்டையில் குத்திக்கொள்ளலாம். விஜயாவுக்குக்கூடக் காட்டவில்லை – சர்ப்ரைஸ்!

கடையை நடத்துவது பரிதா என்ற இளம்பெண். முதல் படத்தை பிரிண்ட் எடுத்தார். படத்தைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"அண்ணே... வேணும்னேதான் இப்பிடிப் போட்டீகளா?"

"எப்பிடிம்மா?"

"இந்தக்கா மூஞ்சி பச்சையா இருக்கு." மற்ற ஏழு படங்களையும் திறந்து பார்த்தார். "எல்லாருமே பச்சையாத்தான் இருக்காக."

எனக்கு நிறக்குருடு உண்டு. பச்சையும் பழுப்பும் என் கண்ணுக்கு ஒன்றுதான். பள்ளியில் இலைக்குப் பழுப்பு அடித்து, வகுப்பே சிரித்ததிலிருந்து கலர் பக்கமே போனதில்லை; பேட்ஜ் ஆசையில் இப்போதுதான் துணிந்தேன். பள்ளிக்குப் பிறகு விஜயாவிடம் தவிர யாரிடமும் இதைச் சொன்னதில்லை.

மாடர்ன் ஆர்ட் என்று சமாளித்துவிடலாமா? வாய் வரை வந்துவிட்டது. ஆனால், இந்தப் பச்சை மூஞ்சியைப் பேச்சியம்மா கையில் கொடுத்தால்? கேலி செய்கிறேன் என்று நினைத்துவிட மாட்டாரா? உண்மையைச் சொல்லிவிட்டேன்.

பரிதா சிரிக்கவில்லை. பள்ளியில் ஆளாளுக்குச் சட்டையைக் காட்டி, "இது என்ன கலரு, சொல்லு பாப்போம்?" என்று கேட்பார்களே... அதுவும் கேட்கவில்லை.

"அம்புட்டுத்தானண்ணே? இங்கன உக்காருங்க."

என் போனிலிருந்த போட்டோக்களைத் திறந்தார். ஒவ்வொருவரின் நிறத்தையும் அப்படியே எடுத்து, டேப்லெட்டில் அந்தந்தப் படத்தின் ஓரத்தில் பொட்டுப் பொட்டாக வைத்தார். கீழே எழுத்து – முகம், உதடு, சேலை.

"நீயே போட்டுக் குடுத்துடேம்மா" என்றேன்.

"நன்றி சொல்றது நீங்கதானே? அப்ப நீங்கதான் போடணும். பேரைப் படிங்க... பொட்டைத் தொடுங்க... முகத்துல ஊத்துங்க."

முடிக்க மதியம் ஆகிவிட்டது. பரிதா மிஷினில் தகடு, படம், மேலே பிளாஸ்டிக் தாள் என்று அடுக்கி அழுத்த அழுத்த, எட்டுப் பேரும் பளபளவென்று ஒவ்வொருவராக வெளியே வந்தார்கள்.

மறுநாள் காலை பேச்சியம்மா தன் பேட்ஜை வெகுநேரம் பார்த்தார்.

"ஆத்தாடி... என்னைய யாரும் இம்புட்டு உத்துப் பாத்ததே இல்லய்யா!"

சேலைக்கு மேல் போட்டிருந்த வேலைச் சட்டையில் குத்திக்கொண்டார். மற்ற ஏழு பேரும் குத்திக்கொண்டார்கள். அப்படியே தோட்டத்துக்குக் கிளம்பினார்கள்.

கட்டிலிலிருந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்த விஜயா கேட்டாள். "கலரெல்லாம் சரியா இருக்கே... யாரு பாத்துக் குடுத்தா?"

பரிதாவைப் பற்றிச் சொன்னேன்.

"சரி... அந்தப் பொண்ணு முகத்த வரைஞ்சீகளா?"

எனக்கு அது தோன்றவே இல்லை.

இதைக் கம்பம் போகும் டவுன் பஸ்ஸில் உட்கார்ந்துதான் எழுதிக்கொண்டிருக்கிறேன். பையில் பென்சில் இருக்கிறது.

நன்றி சொல்லக் கிளம்பிப் பாருங்கள்... லிஸ்ட் நீண்டுகொண்டே போகும்!