நூல் கட்டிய கால்

போர் உக்கிரமாயிருந்த ஓர் ஆண்டில் முந்தல் சந்தியில் சைக்கிளோடு விழுந்தேன். வலது முழங்கால் மூட்டுக்குள் எலும்புச் சில்லொன்று உடைந்து கிடப்பதாக எக்ஸ்ரே காட்டியது. வீக்கம் வற்றிய பின் வெளிப்பார்வைக்கு இரு முழங்கால்களும் ஒன்றுபோலவே இருந்தன.

சத்திரசிகிச்சைக்கு முதல் நாள், எங்கள் ஊரான உடப்பிலிருந்து என் மனைவி அம்மன் கோயில் மஞ்சள் நூலுடன் ஆஸ்பத்திரிக்கு வந்தாள். அதை இடது முழங்காலுக்கு மேலே கட்டினாள்.

"நோகிறது மற்றக் காலல்லோ?"

"வெட்டுற காலில கட்டினா நூலையும் சேத்து வெட்டிப்போடுவாங்க. அம்மனுக்குத் தெரியும் எந்தக் காலெண்டு. நீங்க பேசாம கிடங்க."

வெட்டவேண்டிய உறுப்பில் துணிநாடா கட்டி அனுப்புவது அந்த வார்டின் வழக்கமென்று நாங்கள் அறியோம். மறுநாள் காலை வடக்கிலிருந்து காயப்பட்ட சிப்பாய்களை வண்டி வண்டியாகக் கொண்டுவந்தார்கள். அந்த அவசரத்தில் எனக்கு நாடா கட்ட எவரும் வரவில்லை.

சத்திரசிகிச்சை அறையில் முதுகில் ஊசி போட்டதும் இடுப்புக்குக் கீழே உணர்வு அற்றுப்போனது. மறைப்புத் துணியை உயர்த்துமுன் ஒரு கணம் பார்த்தேன். உதவியாளர் நூல் கட்டிய காலுக்குக் கபில நிற மருந்து பூசிக்கொண்டிருந்தார்.

அந்நாட்களில் சோதனைச் சாவடியில் கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லப் பழகியிருந்தோம். இங்கே எவரும் என்னை எதுவும் கேட்கவில்லை. நாள்தோறும் இறைவன் திருவடியைப் பாடிய நாவு, என் காலைப் பற்றி ஒரு சொல் சொல்ல எழவில்லை. ஓதிய பதிகங்களில் ஓரடியும் நினைவுக்கு வரவில்லை. கத்தி தட்டில் உரசும் ஒலி கேட்டது.

"மாத்தயா, அந்தக் கால் அல்ல" என்று டாக்டரிடம் தட்டுத்தடுமாறிச் சிங்களத்தில் சொன்னேன்.

எல்லாரும் அசையாது நின்றார்கள். டாக்டர் எக்ஸ்ரே படத்தை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். அவர் கை நடுங்கியதில் படமும் சலசலத்தது. முகமூடியை இறக்கி, என் காதருகே குனிந்தார்.

"வெட்டியிருந்தால் உங்களுக்கு ஒரு கால் போயிருக்கும், எனக்கு வேலையே போயிருக்கும். முறைப்பாடு செய்வீர்களா?"

"இல்லை, மாத்தயா."

"இப்போதே மற்றக் காலைச் செய்யட்டுமா?"

அவர் விரல்களைப் பார்த்தேன். மறுத்தால் கோபிப்பாரோ என்றும் பயந்தேன்.

"இன்றைக்கு வேண்டாம்" என்றேன்.

அவர் முகமூடியை மீண்டும் ஏற்றிக்கொண்டார். என்னை வார்டுக்குத் திருப்பி அனுப்பினார்கள். இனி அவர் என்னைத் தொடுவாரா, தொட்டால் எந்த மனத்தோடு தொடுவார் என்று எண்ணியபடியே, உணர்வில்லாத இரு தொடைகளையும் மாறி மாறிக் கிள்ளிக்கொண்டு கிடந்தேன்.