மகளுக்கு விடுதி பார்த்த ஞாயிறுகள்

பெண்கள் விடுதிக்குள் அப்பாக்களை விடமாட்டார்கள் என்பது முதல் விடுதிக்குப் போன அன்றுதான் எனக்குத் தெரியும். வரவேற்பறை வரைதான் நமக்கு அனுமதி. அறை எப்படி, குளியலறை எப்படி, சன்னல் திறக்கிறதா என்று பார்ப்பதெல்லாம் மகளின் வேலை. நான் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து சுவரில் ஒட்டியிருக்கும் விதிமுறைகளைப் படித்துக்கொண்டிருப்பேன். ஆறு நாள் துணி வெட்டும் கட்டிங் டேபிள் முன்னால் நின்ற கால், உட்கார்ந்த பிறகுதான் விண்விண்ணென்று தெறிக்கும்.

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் நான் கட்டிங் மாஸ்டர். சாத்தூர்ப் பக்கத்திலிருந்து கல்யாணமான புதிதில் வந்து சேர்ந்தவன். மனைவி இன்னொரு கம்பெனியில், தைத்த துணியில் குறை பார்க்கும் செக்கிங் வேலை பார்க்கிறாள். ஒரே மகள். பதினொரு வயதில் அவளுக்குச் சர்க்கரை நோய் என்று கண்டுபிடித்தார்கள். பெரியவர்களுக்கு வருவதுபோல மாத்திரையில் அடங்குவதல்ல அது. தினமும் நாலு வேளை இன்சுலின் ஊசி. அவளே போட்டுக்கொள்வாள். ஊசி போட்டால் உடனே சாப்பிட வேண்டும். சாப்பாடு தள்ளிப்போனால் சர்க்கரை இறங்கி ஆளைச் சாய்த்துவிடும். கோயிலுக்குப் போவதானாலும், கல்யாணத்துக்குப் போவதானாலும் அந்தச் சாப்பாட்டு நேரத்தை வைத்துத்தான் நாங்கள் கிளம்புவோம்.

கோயம்புத்தூரில் ஒரு கல்லூரியில் அவளுக்கு இடம் கிடைத்தபோது விடுதிப் பேச்சே வரவில்லை. பஸ்ஸில் போய்வருகிறேன் என்று அவள்தான் சொன்னாள். ஆறு மணிக்கு வீட்டை விட்டுக் கிளம்பினால்தான் முதல் வகுப்புக்குப் போய்ச் சேர முடியும். இரண்டு மாதம் அப்படித்தான் ஓடியது. ஒருநாள் ஊசியைப் போட்டுவிட்டு, பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று அரை இட்லியோடு எழுந்து ஓடியிருக்கிறாள். பஸ்ஸில் நிற்கத்தான் இடம். கருமத்தம்பட்டி தாண்டும்போது உடம்பெல்லாம் வியர்த்திருக்கிறது. பைக்குள் மிட்டாய் இருந்தது. ஆனால் பையின் ஜிப்பைத் திறக்க விரல் வரவில்லை. பக்கத்தில் நின்ற பெண்ணிடம் சொல்ல வாயும் வரவில்லை. அப்படியே சரிந்துவிட்டாள். காலையில் சாப்பிடாமல் வந்த பிள்ளை, பசி மயக்கம் என்று யாரோ சொல்ல, இன்னொருவர் தன் பையிலிருந்த மாம்பழ ஜூஸை அவள் வாயில் ஊற்றியிருக்கிறார். அவர் யாரென்று இன்றுவரை எங்களுக்குத் தெரியாது.

கண்டக்டர் அவளுடைய போனிலிருந்து என்னைக் கூப்பிட்டார். நான் போய்ச் சேர்ந்தபோது அவள் பஸ் ஸ்டாப் நிழலில் உட்கார்ந்திருந்தாள். "ஒண்ணுமில்லப்பா, நீங்க எதுக்கு லீவு போட்டீங்க?" என்றாள்.

அன்றைக்கு முடிவு செய்தோம், விடுதிதான் என்று. மனைவிக்குக் காலில் நரம்புச் சுருட்டு நோய். நின்று நின்று வந்தது. மாடிப்படி ஏற முடியாது. "நீங்க ரெண்டு பேரும் போயி பாத்துட்டு வாங்க. மூணு விஷயம் மட்டும் கேட்டுருங்க. சாப்பாடு எத்தன மணிக்கு, ஃப்ரிட்ஜ் இருக்கா, ராத்திரி கூப்புட்டா யாரு வருவா" என்றாள்.

முதலில் கல்லூரி விடுதியையே பார்த்தோம். வார்டன் அம்மாவுக்கு என் வயது இருக்கும். மரியாதையாகப் பேசினார். வருஷத்துப் பணத்தை மொத்தமாகக் கட்ட வேண்டும் என்றார். எங்களுக்குச் சனிக்கிழமைதோறும் சம்பளம். மொத்தமாக ஒரு தொகை கையில் நிற்பது தீபாவளி போனஸ் சமயத்தில் மட்டும்தான். சரி, அதைக்கூட எப்படியாவது புரட்டலாம் என்று மனதுக்குள் நினைத்துக்கொண்டு, மகளின் விஷயத்தைச் சொன்னேன்.

"சுகருங்களா? இந்த வயசுலயா?" என்று அவளை ஏற இறங்கப் பார்த்தார். "ஃப்ரிட்ஜு ஆபீஸ்ல இருக்குதுங்க. எட்டு மணிக்குப் பூட்டீருவோம். அப்பறம், எதாச்சும் ஆச்சுன்னா ஆஸ்டல் பொறுப்பில்லீன்னு ஒரு லெட்டர் எழுதிக் குடுத்துருங்க."

மகள் குறுக்கிட்டாள். வெளியாட்களிடம் பேசும்போது அவளுக்கு இந்த ஊர்ப் பேச்சுத்தான் வரும். "ஃப்ரிட்ஜு பரவாயில்லீங்க மேடம். புதுசு மட்டுந்தான் அதுல வெக்கோணும். போட்டுட்டு இருக்கற இன்சுலின் பேனா வெளியவே ஒரு மாசம் தாங்கும். ஆனா ராத்திரி சுகர் எறங்குனா சாப்படறதுக்குப் பக்கத்துல எதாச்சும் இருக்கோணுமுங்க."

எனக்கே அது அப்போதுதான் தெரியும். இத்தனை வருஷமும் ஃப்ரிட்ஜுக்காகக் கரண்டு போகும்போதெல்லாம் பதறிக்கொண்டிருந்தவன் நான்.

"ரூமுல திங்கறதெல்லாம் வெக்கக் கூடாது கண்ணு. எறும்பு வருது, எலி வருது. உனக்கு உட்டா நாளைக்கு எல்லாரும் கேப்பாங்க."

அவள் ஒரு பிஸ்கட் பாக்கெட்டுக்கு அனுமதி கேட்டுப் பார்த்தாள். கிடைக்கவில்லை. எழுந்து வந்துவிட்டோம்.

அடுத்த வாரம் ஷிப்மென்ட் என்று ஞாயிற்றுக்கிழமையும் வேலை. அதற்கடுத்த ஞாயிறுதான் இரண்டாவது விடுதியைப் பார்க்க முடிந்தது. புதிதாகக் கட்டிய ஐந்து மாடிக் கட்டடம். சட்டையை பேன்ட்டுக்குள் விட்டிருந்த ஒரு பையன் எங்களை 'சார், மேடம்' என்று அழைத்து உட்காரவைத்தான். அறைக்கு இரண்டு பேர். அறைக்கு அறை ஃப்ரிட்ஜ். எந்த நேரமும் திறந்திருக்கும் கேன்டீன். ராத்திரி கூப்பிட்டால் வர ஒரு நர்ஸ்கூட உண்டு என்றான். மகள் பார்க்க மேலே போனதும் மாதம் எவ்வளவு என்று கேட்டேன். அவன் சொன்னது என் ஒரு மாதச் சம்பளம் முழுசும். அப்புறம் வீடு மனைவியின் சம்பளத்தில்தான் நடக்க வேண்டும். இன்சுலினும் பரிசோதனை ஸ்ட்ரிப்பும் அதில்தான்.

மகள் இறங்கி வந்தாள். நான் வாயைத் திறப்பதற்குள் "வேண்டாம்ப்பா" என்றாள்.

"ஏன் தாயி, நல்லால்லையா?"

"லிஃப்ட்ல பெயிண்டு நாத்தம். தலவலிக்குது."

பொய் என்று இரண்டு பேருக்கும் தெரியும். கீழே வரும்போதே சுவரில் இருந்த கட்டண அட்டையைப் பார்த்திருப்பாள். பஸ்ஸில் வரும்போது நான் ஞாயிறு வேலையையும் சேர்த்துப் பார்த்தால் முடியுமா என்று யோசித்துக்கொண்டே வந்தேன். அவிநாசி வருவதற்குள் தூங்கிவிட்டேன். மகள்தான் தட்டி எழுப்பினாள்.

மூன்றாவது விடுதியை அவளுடைய வகுப்புத் தோழி ஒருத்தி சொன்னாள். பீளமேட்டில் பெரிய சாலைக்குப் பின்னால் ஒரு பழைய வீடு. கீழே வீட்டுக்காரம்மா குடியிருக்க, மாடியில் பதினாலு பெண்கள். வாடகை எங்களுக்குத் தாங்கும். மாதாமாதம் கொடுத்தால் போதும்.

"வாங்க, வாங்க. ஆம்பளைங்க மேல போகக் கூடாதுங்க, நீங்க இங்கயே உக்காருங்க" என்று வீட்டுக்காரம்மா தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். "ஏழு மணிக்கு இட்லி எறக்கீருவனுங்க. ஃப்ரிட்ஜு நம்ம சமையக்கட்டுல இருக்குது. எந்நேரமும் வந்து எடுத்துக்கலாம். நான் கதவு சாத்தறதில்லீங்க. ராத்திரி கூப்புட்டா நானே வந்துருவனுங்க."

மனைவியின் மூன்று கேள்விக்கும் பதில் வந்துவிட்டது. எனக்கு அப்பாடா என்றிருந்தது. மகளின் நோயைப் பற்றிச் சொன்னேன். அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"எங்கிட்டச் சொன்னீங்க, செரி. வேற ஆருகிட்டயும் சொல்லீராத கண்ணு. நாளைக்குக் கல்யாணம் காச்சின்னு வாரப்ப இதெல்லாம் பேச்சாயிப் போயிரும். ஊசி போடறதக்கூடப் பாத்ரூமுல போட்டுக்க."

நான் தலையாட்டினேன். அதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். நாங்களும் அப்படித்தான் இருந்தோம். எங்கள் லைன் வீட்டில் பக்கத்துக் குடும்பங்களுக்குச் சத்து ஊசி என்றுதான் சொல்லியிருந்தோம். ஊரில் என் அண்ணனுக்குக்கூட முழு விவரம் தெரியாது.

மகள் என்னைப் பார்த்தாள். பிறகு அந்த அம்மாவிடம் திரும்பினாள்.

"ஏனுங்க ஆன்ட்டி, நான் மயங்கி விழுந்தா ஆரு என்ற வாயில சர்க்கரை போடுவாங்க? கூட இருக்கறவங்களுக்குத் தெரிஞ்சாத்தானுங்க போடுவாங்க? பஸ்ஸுல எனக்குச் சுகர்னு ஆருக்கும் தெரியாமத்தான் விழுந்து கெடந்தேன்."

அந்த அம்மா "உங்க இஷ்டமுங்க" என்று என்னிடம் சொன்னார். மகள் மாடிக்குப் போனாள். அரை மணி நேரமாகியும் வரவில்லை. நான் காலை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். தலையாட்டியது உறுத்திக்கொண்டே இருந்தது.

இறங்கி வந்தவள் வெளியே தெருவுக்கு வந்த பிறகுதான் பேசினாள். "ரூமு சின்னதுப்பா. மூணு கட்டில் போட்டு நடக்க எடமில்ல. பாத்ரூமுக்கு வரிசையில நிக்கணும். வெளிச்சமும் கம்மி. ஆனா நான் இங்க இருந்துக்கறேன்."

"வரிசையில நின்னா சாப்பாட்டுக்கு நேரமாயிராதா?"

"முன்னாடியே எந்திருச்சுக்கறேன். ரூமுல இருக்கற ரெண்டு பேருகிட்டயும் சொல்லிட்டேன். ஒருத்தி சுகர் பாக்கற மெஷினைக் காட்டச் சொல்லி டெஸ்ட் பண்றதப் பாத்தா. இன்னொருத்தி, இது ஒட்டிக்குமான்னு கேட்டா. ஒட்டாதுன்னு சொன்னேன்."

அந்த வாரமே சேர்த்துவிட்டோம். ஒரு பாய், ஒரு வாளி, இரண்டு பை. சர்க்கரை இறங்கினால் என்ன செய்ய வேண்டும் என்று மனைவி ஒரு தாளில் பெரிய எழுத்தில் எழுதிக் கொடுத்தாள். மகள் அதைக் கட்டிலுக்கு மேலே ஒட்டினாள்.

எல்லாம் சரியாகப் போய்விடவில்லை. ஒட்டிக்குமா என்று கேட்ட பெண்ணின் அம்மா இரண்டாம் வாரமே வந்து, தன் மகளை வேறு அறைக்கு மாற்றிவிட்டுப் போனார். மகள் போனில் அதைச் சொன்னபோது குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. "எடம் தாராளமாயிருச்சுப்பா" என்றாள். போனை வைத்த பிறகு மனைவியிடம், வேறு இடம் பார்க்கலாமா என்று நான் கேட்டேன். "எங்கன பாத்தாலும் மனுசங்கதான இருப்பாங்க" என்றாள். எனக்கும் இன்னொரு விடுதி தேட உடம்பில் தெம்பில்லை.

மூன்று மாதம் கழித்து ஒருநாள் சாயங்காலம், துணியை விரித்து அடுக்கிக்கொண்டிருக்கும்போது போன் வந்தது. மகளின் எண். பேசியது வேறு குரல். மெஷினைக் காட்டச் சொன்ன அந்தப் பெண். உடுமலைப் பக்கத்துப் பிள்ளை.

"அங்கிள், பயந்துக்காதீங்க. இப்ப நல்லா இருக்கறா. காலேஜு உட்டு வந்து படுத்தவ எந்திரிக்கலீங்க. உடம்பு தண்ணியா ஊத்துச்சு. டெஸ்ட் பண்ணுனேன், ரொம்பக் கம்மியா இருந்துச்சு. தாளுல எழுதியிருந்தபடி சக்கரத் தண்ணி குடுத்தேன். கால்மணி நேரத்துல மறுபடி பாத்தேன், ஏறிருச்சு. இப்ப தோசை தின்னுட்டு இருக்கறா. பேசறீங்களா?"

பின்னால் மகளின் குரல் கேட்டது, "அப்பாவக் கூப்புட வேண்டாம்னா கேக்க மாட்டேங்கறா" என்று.

அந்தப் பிள்ளையிடம் எனக்கு, "நீ சாப்புட்டியா தாயி?" என்றுதான் கேட்க வந்தது.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னேன். அழுவாள் என்று நினைத்தேன். அவள் அழவில்லை. சோற்றைப் போட்டு வைத்துவிட்டு, "அந்தப் புள்ளைக்கு என்ன புடிக்கும்னு கேட்டீங்களா?" என்றாள். கேட்கத் தோன்றவில்லை என்றேன்.

சனிக்கிழமை வேலை விட்டு வந்து, வீங்கிய காலை நீட்டி உட்கார்ந்து, மனைவி அந்தப் பிள்ளைக்கு முறுக்குப் பிழிந்தாள். நான் எண்ணெய்ச் சட்டியைப் பார்த்துக்கொண்டேன். மறுநாள் ஞாயிறு, விடுதிக்கு எடுத்துக்கொண்டு போக வேண்டும்.